கோடு போட்ட விமானம்

பல்லுக்காரருக்குக் கை நடுங்குவது உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு, நரம்பு டாக்டருக்கு, மாத்திரை எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு. இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் கூட இருப்பவளுக்குத் தெரியாது என்று நம்பினார் பாருங்கள், அந்த அப்பாவித்தனத்தை என்னவென்று சொல்வது! நாலு மாதமாகவே அவள் அவருக்கு அரை டம்ளர்தான் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் மறுபடி ஒரு அரை டம்ளர். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் அவருக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்லை உருவாக்குவது இவர் பாடு. பீங்கான் தூளைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ் நுனியில் எடுத்து, படலம் படலமாக ஏற்றி, உலையில் வைத்துச் சுட வேண்டும். வெறும் வெள்ளையாகச் செய்து கொடுத்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பல்லில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் இதிலும் ஒரு மயிரிழை வரைய வேண்டும். அது மஞ்சள் பூத்திருந்தால் இதற்கும் கொஞ்சம் மஞ்சள் பூச வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் செய்தார். தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் எந்தப் பல் தன்னுடையது என்று பார்ப்பார். சிரித்தவர் இவரைப் பார்த்து முறைத்துவிட்டுப் போவார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆனா இது குறையாது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடும். பெரிய வேலை செஞ்சா தெரியாது, சின்ன வேலை செய்யும்போதுதான் நடுங்கும்" என்றார் நரம்பு டாக்டர். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

இவர் சொன்னார். டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு இவரையே பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மனிதருக்கு ஒரே கவலைதான். அந்த நாற்காலி. கை போனது தெரிந்தால் நாற்காலி போகும். நாற்காலி போனால், தான் யார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஐம்பத்தாறு வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போய் நிற்பது? அதனால் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், மாத்திரை வேலை செய்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நுணுக்கமான வேலையை எல்லாம் முடித்துவிடுவார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, திருட்டு வேலை மாதிரி செய்வார். அப்படியும் இரண்டு பல் திரும்பி வந்தது. உலை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தார்.

இது இப்படி இருக்க, ஞாயிற்றுக்கிழமை வேறு வந்து தொலைத்தது.

நூலகத்து மாடியில் ஞாயிறு மதியம் ஒன்பது பேர் கூடுவார்கள். பெட்டியில் வருகிற பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து உள்ளங்கை அளவில் விமானம் செய்கிறவர்கள். வளர்ந்த ஆட்கள்தான். அதில் முக்கால்வாசிப் பேர் நிஜ விமானத்தில் ஏறியது கூட இல்லை. "பொம்மைக்காரங்க வந்துட்டாங்க" என்று நூலகத்துக் காவலாளி வாராவாரம் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லுவார். பல்லுக்காரர் அந்தக் கூட்டத்தின் பெருமை. அவர் செய்த விமானத்தில் விமானியின் மூக்குக் கண்ணாடிக்குக் கூடக் காம்பு இருக்கும்.

கூடத்து முதலாளியும் அதில் ஒருவர். பத்து வயது இளையவர், இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். இவர் ஜன்னலில் வைத்திருந்த குட்டி விமானம் ஒன்றைப் பார்த்துப் பைத்தியம் பிடித்து வந்து சேர்ந்தவர். ஆசை மலையளவு, ஆனால் அவர் செய்கிற விமானத்துக்கு எப்போதும் ஒரு இறக்கை தொங்கும். ஆறு நாள் அவர் முதலாளி. ஏழாம் நாள் இவர் முதலாளி. பதினோரு வருஷமாக இருவருக்கும் அது பிடித்திருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை விமானம் கட்டுகிற போட்டி வைப்பார்கள். ஆளுக்கொரு தலைப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். கூட்டத்திலேயே மூத்தவரான தபால்காரர் டப்பாவைக் குலுக்குவார். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த தலைப்புக்குத்தான் கட்ட வேண்டும், பத்து வாரத்துக்குள். ஒரு வருஷம் லிப்ட் மெக்கானிக்குக்கு "கல்யாண வீட்டுக்குப் போற விமானம்" என்று வந்து, பாவம், குண்டு போடுகிற விமானத்துக்கு ரோஜா நிறம் அடித்துக் கொண்டுவந்தார். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சட்டம் நாலு. அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தது. எடுத்த சீட்டை மாற்றக் கூடாது. எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. அவரவர் கை மட்டும்தான் பட வேண்டும். நாலாவது, கோடு என்று வந்தால் பிரஷ்ஷால்தான் போட வேண்டும். டேப் ஒட்டி இரண்டு பக்கமும் மறைத்து அடிக்கக் கூடாது.

அந்த நாலாவது சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் பல்லுக்காரரேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், கை கல்லு மாதிரி நின்ற காலத்தில், "டேப் ஒட்டி அடிக்கறதுக்கு கை எதுக்கு, கோந்து போதுமே?" என்று கிண்டலடித்து, மற்றவர்கள் முனக முனக அட்டையில் எழுத வைத்தார். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த வருஷம் டப்பா சுற்றி வந்தது. பல்லுக்காரர் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டார். தண்ணீரில் இறங்குகிற விமானம் வரட்டும், சாக்குப் பை நிறத்தில் சரக்கு விமானம் வரட்டும், பறக்காமலே துருப்பிடித்தது வரட்டும். நடுங்குகிற கைக்குத் துரு அடிப்பது சுலபம். சீட்டைப் பிரித்தார்.

"உடம்பெல்லாம் கோடு" என்று எழுதியிருந்தது.

"அடேயப்பா! கோடு யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு பாருங்க!" என்று தபால்காரர் கை தட்டினார். "எங்களுக்கெல்லாம் இந்த வருஷம் விருந்துதான்." எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பல்லுக்காரர் அசடு வழியச் சிரித்துக்கொண்டே கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

விலகிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. பதினோரு வருஷம் ஒரு தடவை கூட விலகாத ஆள், அதுவும் கோடு வந்த வருஷத்தில் விலகினால் ஏன் என்று முதல் ஆளாகக் கேட்பவர் முதலாளியாகத்தான் இருப்பார். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

சாகசம் காட்டுகிற சின்ன விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டார். வெள்ளை உடம்பு. மூக்கில் தொடங்கி வால் வரை, இறக்கை சேர்கிற இடத்தில் வளைந்து, சிவப்பில் மெல்லிய கோடுகள். மொத்தம் அறுபத்து நாலு. ஒட்டுவதும் தேய்ப்பதும் வெள்ளை அடிப்பதும் எப்படியோ முடிந்தது. கோடு என்று உட்கார்ந்ததும் கை தன் புத்தியைக் காட்டியது. முதல் கோடு பாதி வரை போய்ப் பாம்பாக நெளிந்தது. தின்னரால் துடைத்தார். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. துணியைச் சுருட்டி மணிக்கட்டுக்கு அடியில் வைத்தார். முழங்கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, தலை சுற்றி, காலைப் பொழுது முழுக்கப் படுத்துக் கிடந்தார். மூன்று தடவை மொத்தமும் அழித்து வெள்ளை அடித்தார். அவர் கையையே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. அடிக்கிறதா, திட்டுகிறதா, அதை என்னதான் செய்வது? நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுதார்.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. காலையில் மனைவி உள்ளே வந்தாள். தையல் மெஷினில் மற்றவர்களுடைய பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைக்கிறவள் அவள். வாசலில் மூட்டை மூட்டையாகத் துணி கிடக்கும். விமானம் என்றால் அவளுக்கு ஒரே வார்த்தை, பொம்மை. அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"நகருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இங்க கொடுங்க அதை. எத்தனை தடவைதான் துடைப்பீங்க, வீடு முழுக்க தின்னர் நாத்தம்."

"உனக்குத் தெரியாது, விடு. இது வேற மாதிரி வேலை."

"எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையை ஷூவுக்குள்ள ஒளிச்சு வைக்கற ஆளு நீங்க. ஷூவை யாரு துடைக்கறாங்கன்னு நினைச்சீங்க?"

அவர் எழுந்து நின்றார். அவள் உட்கார்ந்து, பிரஷ்ஷை இடது கையில் எடுத்தாள். அவள் இடது கைக்காரி. பிறந்த வீட்டில் எத்தனையோ அடித்துப் பார்த்தும் மாறாதவள். வண்ணத்தில் நுனியைத் தொட்டு, டப்பா விளிம்பில் ஒரு தடவை வழித்து, மூக்கடியில் வைத்து இழுத்தாள். கோடு போனது. எங்கேயும் நிற்காமல், நெளியாமல், இறக்கை வளைவில் தானும் வளைந்து வால் வரை போனது. அவள் மூச்சைக் கூட அடக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி குழாயை மூடாமல் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டாவதைப் போட்டாள்.

பத்துக் கோடு ஆனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானாங்க? இதுக்குத்தானா இத்தனை வருஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். குத்திக் காட்டியிருந்தால் கூட அவர் தாங்கியிருப்பார். இரண்டு நாள் காலைப் பொழுதில் அறுபத்து நாலு கோடும் முடிந்தது. மூன்றாவது சட்டம் உடைந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவளுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. இவர் சொல்லவும் இல்லை.

ஞாயிறு மதியம் நூலகத்து மாடியில் நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒன்பது விமானமும் வரிசையாக நிற்க வேண்டும். பல்லுக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் தன்னுடையதை வைத்தார். கையை எடுத்ததுதான் தாமதம், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்து, வால் துணியில் பட உட்கார்ந்தது.

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு!

"முட்டை வச்சிருச்சு! பல்லுக்காரர் விமானம் முட்டை வச்சிருச்சு!" என்று லிப்ட் மெக்கானிக் குதித்தார்.

மூக்கில் சக்கரம் வைத்த விமானத்துக்கு, உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால், மூக்குக்குள் கொஞ்சம் ஈயக் குண்டு வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் பாரம் தாங்காமல் இப்படி உட்கார்ந்துவிடும். அதைத்தான் அவர்கள் முட்டை வைப்பது என்பார்கள். முதல் மாதம் வந்து சேர்ந்த ஆள் செய்கிற தப்பு. பல்லுக்காரர் கோட்டை நினைத்து நினைத்து, ஈயத்தை மறந்தே போயிருந்தார். ஒட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

"பரவாயில்லை, பரவாயில்லை, அண்ணனும் மனுஷன்தானே" என்று சொல்லிக்கொண்டே முதலாளி விமானத்தைக் கையில் எடுத்தார், முன்னால் ஏதாவது முட்டுக் கொடுக்கலாம் என்று. எடுத்தவர் கோடுகளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"யப்பா! இது மனுஷன் கை போட்ட கோடா?" என்றார் தபால்காரர். "எத்தனை முட்டை வேணா வைக்கட்டும், இந்தக் கோட்டுக்கு முதல் பரிசு கொடுக்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பல்லுக்காரர் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பித்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பாவம், அந்த ஒரு நிமிஷத்தையாவது அவர் முழுசாக அனுபவித்திருக்கலாம். முதலாளி மட்டும் கை தட்டவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வெளியில வாங்க."

மாடிப்படி ஓரத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். விமானம் இன்னும் முதலாளி கையில்தான் இருந்தது.

"யார் போட்டது இது?"

"என்ன மொதலாளி இப்படிக் கேட்கறீங்க? நான்தான்."

"கோட்டுல பிரஷ் நுனி படற ஓரத்துல வண்ணம் கொஞ்சம் கனமா உட்காரும், மறு ஓரத்துல மெலிஞ்சிரும். நீங்கதான் எனக்கு அதைக் காட்டினீங்க. வலது கைக்காரங்க இழுத்தா கனம் இடது பக்கம் இருக்கும். இதுல ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வலது பக்கம் இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது உங்க கை இல்லைண்ணே."

பல்லுக்காரர் விமானத்தை வாங்கக் கையை நீட்டினார். முதலாளி கொடுக்கவில்லை.

"எனக்கு நாலு மாசமா தெரியும்" என்றார் முதலாளி. "திரும்பி வந்தது ரெண்டு பல்லு இல்லை. பதினேழு. மத்ததை உங்க கண்ணுல காட்டாம நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உட்கார்ந்து செஞ்சேன். என் கைதான் உங்களுக்குத் தெரியுமே, என்ன லட்சணம்னு. ரெண்டு டாக்டருங்க வேற இடம் பார்த்துட்டாங்க. உங்க இடத்துக்கு ஆள் தேடிட்டுதான் இருக்கேன். எத்தனையோ பேரை உட்கார வச்சுப் பார்த்துட்டேன், ஒருத்தருக்கும் கை நிக்கலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..." அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. "நீங்க வந்து பக்கத்துல சும்மா உட்காருங்க, வேண்டாங்கலை. ஆனா பிரஷ்ஷை இனிமே தொடாதீங்க. இந்தக் கோடு போட்டவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் கத்துக் கொடுத்துக்கறேன்."

நாலு மாதம்! விடியற்காலையில் எழுந்து ஓடியது, மூச்சை அடக்கியது, உலையின் மேல் பழி போட்டது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஒருத்தர் சும்மா இருந்திருக்கிறார். நாற்காலி எப்போதோ போய்விட்டது. இவர்தான் தெரியாமல் அதில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரி" என்றார் பல்லுக்காரர்.

பரிசு வாங்க அவர் உள்ளே போகவில்லை. பொழுது சாய்வதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி மெஷினில் ஒரு பேன்ட்டை முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க? நல்லா இருக்குன்னாங்களா?"

பொய் சொல்ல அவருக்கு நிறைய இடமிருந்தது. நல்லா இருக்குன்னாங்க என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போயிருக்கலாம். ஏனோ சொல்ல முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், பதினேழு பல்லையும் சேர்த்து. அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"என்னையா? பல்லு செய்யவா?"

"ஆமா."

"நான் எதுக்குங்க... அது உங்க இடம். நான் போகமாட்டேன். முடியாதுன்னு சொல்லிடுங்க."

சொன்னாள்தான். ஆனால் அவள் முகம் வேறு என்னவோ சொல்லிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் முகத்தில் அவர் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. அவரைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக் கூட இல்லை. இத்தனை வருஷம் இந்தக் கையை ஊரார் பேன்ட்டுக்கு மடிப்பு அடிக்க விட்டுவிட்டுப் பக்கத்து அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று நினைத்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அவரால் முடியவில்லை.

அவள் விளக்குமாற்றை எடுத்துத் தரையில் கிடந்த நூல் துணுக்கை எல்லாம் கூட்டினாள். கூட்டி முடித்து வாரிக் கொட்டினாள். தண்ணீர் குடித்தாள். அவருக்கு அரை டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். அப்புறம் அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த நாற்காலி ரொம்ப உயரமா இருக்குமோ? எனக்குக் கால் தரையில எட்டாதே."

பல்லுக்காரர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நாற்காலிக்கு அடியில ஒரு திருகு இருக்கு" என்றார் பிறகு. "முப்பத்தொரு வருஷமா திருப்பாம இறுகிப் போயிருக்கும். காலையில கூடவே நானும் வரேன். வந்து இறக்கிக் கொடுக்கறேன்."